சாமிதுரை ஊதாத விசில்

ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் சாமிதுரை விசில் ஊதினால்தான் வண்டி நகரும். ஊதாவிட்டால், உள்ளே கலெக்டரே ஏறி உட்கார்ந்திருந்தாலும் நகராது. தனியார் பஸ் முதலாளிகள் ஒன்றுசேர்ந்து நடத்திய டைம் ஆபீசில் பத்தொன்பது வருஷமாக அவர்தான் ராஜா. கும்பகோணம் போகிற வண்டியோ, விருத்தாசலம் போகிற வண்டியோ, நேரம் வந்ததும் தகரக் கொட்டகையை விட்டு ஓர் அடி வெளியே வருவார். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு ஊதுவார். திரும்ப உள்ளே போய்விடுவார். டிரைவரிடம் ஒரு வார்த்தை கிடையாது, கண்டக்டரிடம் ஒரு சிரிப்பு கிடையாது.

"அவருக்கு நாக்கு இருக்கற எடத்துல விசிலு இருக்கு" என்று கண்டக்டர் செல்லக்கண்ணு டீக்கடையில் சொல்லிச் சிரிப்பான்.

வீட்டிலும் அதே கதைதான். பூமாலை அவருக்கு வாழ்க்கைப்பட்டு இருபத்தாறு வருஷம் ஆகியிருந்தது. ஒரு நாளைக்கு அவர் பேசுகிற பேச்சை அவள் ஒரு கை விரல்களுக்குள் அடக்கிவிடுவாள். 'ம்', 'சரி', 'வை', 'போதும்'. கோபம் வந்தால் 'ப்ச்'. மகள் இருந்தவரை வீடு கலகலவென்று இருந்தது. அவளைப் பெரம்பலூரில் கட்டிக்கொடுத்த பிறகு, பஸ் ஸ்டாண்டின் பின்சுவரை ஒட்டியிருந்த அந்த ஓட்டு வீட்டில் ஹாரன் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை.

அந்த வீட்டுக்குத்தான் 1984ஆம் வருஷம் தை மாதம் ஒரு கிளி வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தவன் பூமாலையின் தம்பி பாலசுந்தரம். நைஜீரியாவில் கானோ என்கிற ஊரில் நான்கு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன். வெளிநாட்டிலிருந்து வருகிறவன் டேப் ரிக்கார்டர் கொண்டுவருவான், நைலெக்ஸ் புடவை கொண்டுவருவான் என்று சொந்தபந்தமெல்லாம் காத்திருக்க, அவன் ஒரு கம்பிக் கூண்டோடு வந்து இறங்கினான். உள்ளே இருந்த கிளி பச்சையாகக்கூட இல்லை. உடம்பெல்லாம் அடுப்புச் சாம்பல் நிறம். வால் மட்டும் யாரோ குங்குமத்தில் தோய்த்து எடுத்தது மாதிரி சிவப்பு.

"என்னடா இது, காக்காய்க்கும் புறாவுக்கும் பொறந்ததா?" என்று பெரம்பலூரில் அவனுடைய பெரியண்ணன் காசிநாதன் கேட்டார்.

ஊரோடு இருந்துவிடலாம் என்றுதான் பாலசுந்தரம் வந்திருந்தான். ஆனால் அதே கானோவில் வேறொரு பள்ளிக்கூடத்திலிருந்து இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஆர்டர் வந்துவிட்டது. கிளியைத் திரும்ப எடுத்துப்போகக் காகிதம் கிடைக்கவில்லை. யாரிடமாவது விட்டுவிட்டுப் போக வேண்டிய நிலைமை. அதற்கும் அவன் ஒரு நிபந்தனை வைத்திருந்தான்.

"நாமளா யார்கிட்டயும் தள்ளிவிடக் கூடாது. அது யார்கிட்ட போயி ஒட்டுதோ அவங்கதான் வளக்கணும். இந்தச் சாதிக் கிளி ஒரு ஆளத்தான் புடிச்சுக்கும். புடிச்சா விடாது."

பெரம்பலூரில் காசிநாதன் வீட்டில் இரண்டு நாள் வைத்துப் பார்த்தான். பேரப் பிள்ளைகள் மூன்றும் கூண்டுக்குள் பென்சிலை விட்டுக் குத்தின. கிளி மூன்று பென்சிலையும் நறுக்கென்று கடித்து இரண்டாக்கிப் போட்டுவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டது. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அடுத்து அரியலூரில் கூடப் படித்த நண்பன் வீடு. நண்பனின் மனைவிக்கு ஆசைதான். ஆனால் விறகடுப்புக்குப் பக்கத்தில் கூண்டை மாட்டினாள். கிளி புகையில் தும்மித் தும்மிக் கண்கலங்கியது. 'றெக்கைய வெட்டிடலாமாண்ணே?' என்று அவள் கேட்டதும் பாலசுந்தரம் கூண்டைத் தூக்கிக்கொண்டு ஜெயங்கொண்டம் பஸ் ஏறிவிட்டான்.

அவன் வந்தபோது சாமிதுரை மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து, காக்கிச் சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாலசுந்தரம் கூண்டுக் கதவைத் திறந்து விட்டான். பூமாலை ஒரு பூவன்பழத்தை உரித்து நீட்டினாள். கிளி வெளியே வந்தது. பழத்தை ஒரு கண்ணால் பார்த்தது. தலையைத் திருப்பி மற்றொரு கண்ணாலும் பார்த்தது. பிறகு குள்ள நடை நடந்து பழத்தைத் தாண்டிப் போய், சாமிதுரையின் கால்சட்டையை அலகால் கவ்வி, மரமேறி பனை ஏறுவதுபோல் பிடித்துப் பிடித்து மேலே ஏற ஆரம்பித்தது. முழங்கால், இடுப்பு, மார்பு. அங்கே கயிற்றில் தொங்கிய எவர்சில்வர் விசிலை வாயில் கவ்விக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது.

சாமிதுரை மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார். "எடு" என்றார்.

யாரும் எடுக்கவில்லை.

"மாமா, அதுக்கு உங்களப் புடிச்சுப்போச்சு" என்றான் பாலசுந்தரம்.

"எனக்குப் புடிக்கல" என்றார் சாமிதுரை. அன்றைக்கு அவர் பேசியதில் அதுதான் நீளமான பேச்சு.

பூமாலைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். சம்மதம் கேட்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. கிளி அங்கேயே தங்கியது.

போவதற்கு முன் பாலசுந்தரம் ஒரு முழுத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். வேர்க்கடலை கொஞ்சமாக, வேகவைத்த மக்காச்சோளம், கொய்யா, கீரை. பச்சைமிளகாய் எவ்வளவு வேண்டுமானாலும் தரலாம், அதற்குக் காரம் தெரியாது. வாரம் இரண்டு தரம் தண்ணீர் தெளித்துக் குளிப்பாட்ட வேண்டும். பொழுது சாய்ந்ததும் கூண்டைத் துணியால் மூட வேண்டும். கடிக்க வேப்பங்குச்சி போட வேண்டும், இல்லாவிட்டால் மேசை நாற்காலியைக் கடிக்கும். ஐம்பது வருஷம் உயிரோடு இருக்கும். கடைசியில் இரண்டு கோடு இழுத்து எழுதியிருந்தான்: 'தினம் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.'

சாமிதுரை அந்தத் தாளை ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில் ஆணியில் குத்தி வைத்தார். கடைசி வரியை மட்டும் இரண்டு தரம் படித்தார்.

கிளியின் பெயர் ஆக்கு. கானோ பக்கத்துப் பாஷையில் கிளிக்கே அதுதான் பெயராம். பூமாலைக்கு அது பெரிய தொல்லையாகிவிட்டது. "ஆக்கு, ஆக்குன்னு கூப்புட்டா, எதிர்த்தாப்புல இருக்கறவ நான் எதையோ ஆக்கச் சொல்றேன்னு நெனைக்கறா. கொழம்பு ஆக்கியாச்சு, சோறு ஆக்கியாச்சு, இன்னும் என்னத்த ஆக்கறது?" என்பாள். சாமிதுரை "ம்" என்பார்.

ஒரு மாதம் ஆக்கு வாயைத் திறக்கவில்லை. பச்சைமிளகாயை வேர்க்கடலை மாதிரி நொறுக்கித் தின்றது. வேப்பங்குச்சியை விட்டுவிட்டு முக்காலியின் ஒரு காலைப் பாதியாக்கியது. ஆணியில் இருந்த ரேஷன் கார்டின் ஓரத்தைத் தின்றது. பிறகு ஒருநாள் பூமாலை கூண்டைக் கூட்டும்போது உள்ளே சாம்பல் நிறத்தில் சின்னச் சின்ன இறகுகள் கிடந்தன. மறுநாள் இன்னும் கூடுதலாகக் கிடந்தன. ஆக்கு தன் மார்பு இறகைத் தானே ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தது. நான்கு நாளில் மார்பில் உள்ளங்கை அகலத்துக்கு வெறும் தோல் தெரிந்தது.

சாமிதுரை பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அரை நாள் லீவு போட்டார். புருஷனும் பெண்டாட்டியும் கூண்டைத் தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் முகாமுக்குப் போயிருந்தார். கம்பவுண்டர்தான் இருந்தார்.

"நான் இதுவரைக்கும் பாத்தது எல்லாம் நாலு காலுங்க. இது ரெண்டு காலு" என்று சொல்லிவிட்டு அவர் ஆக்குவைத் துணியில் சுற்றிப் பிடித்துப் பார்த்தார். கடி வாங்கினார். விரலைச் சப்பிக்கொண்டே மறுபடி பார்த்தார். "பூச்சி இல்ல, பேன் இல்ல, புண்ணு இல்ல. வூட்ல இதுகூட யாரு பேசறது?"

பூமாலை புருஷனைப் பார்த்தாள். புருஷன் ஜன்னலுக்கு வெளியே கட்டியிருந்த ஒரு கிடேரியைப் பார்த்தார்.

"யாரும் பேசறதில்லீங்களா? அப்ப அதுதாங்க சீக்கு. எங்க மாமியா வூட்ல ரெண்டு எரும இருந்துச்சு. ஒண்ண வித்துப்புட்டாங்க. மிச்சம் இருந்தது, காத செவுத்துல தேச்சுத் தேச்சுப் புண்ணாக்கிக்கிச்சு. இதுக்கு மருந்து என்கிட்ட இல்ல. உங்ககிட்டதான் இருக்கு. நல்லாப் பேசுங்க."

பூமாலைக்கு அது மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. இருபத்தாறு வருஷமாக அடைத்து வைத்திருந்ததை அன்று சாயங்காலமே திறந்து விட்டாள். அரிசி களையும்போது பேசினாள், துணி மடிக்கும்போது பேசினாள், கூண்டுக்கு முன்னால் முறத்தைப் போட்டுக்கொண்டு கல் பொறுக்கும்போதும் பேசினாள். ஆக்கு தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டது.

சாமிதுரையும் முயற்சி செய்தார். பூமாலை கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்துக் கூண்டுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். "ம்" என்றார். ஆக்கு காத்திருந்தது. அதற்கு மேல் என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு கிளியிடம் போய் எதைப் பேசுவது? கடைசியில் கழுத்திலிருந்த விசிலை எடுத்து, வெளியே கேட்காதபடி, மெதுவாக ஊதினார். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு.

ஆக்குவின் கண்மணி சுருங்கி விரிந்தது. தலை மேலும் கீழும் ஆடியது. கழுத்து இறகெல்லாம் பந்துபோல் உப்பியது. தன்னுடைய விசிலைக் கேட்டு ஒருத்தர் சந்தோஷப்பட்டதை சாமிதுரை அன்றைக்குத்தான் பார்த்தார். மறுபடி ஊதினார். அப்புறம் அது தினசரி வழக்கமாகிவிட்டது. பூமாலை வெளியே போனால் போதும், அவர் நாற்காலியைப் போட்டுவிடுவார். பங்குனி பிறக்கும்போது ஆக்குவின் மார்பில் முள் முள்ளாகப் புது இறகு முளைத்துவிட்டது.

வினை வந்தது சித்திரையில்.

காலை பத்து நாற்பதுக்குக் கும்பகோணம் வண்டி. பத்து முப்பத்திரண்டுக்கு டிரைவர் பாவாடை சீட்டில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். கண்டக்டர் செல்லக்கண்ணு டீக்கடையில் இருந்தான். பளிச்சென்று விசில் கேட்டது. நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. பாவாடை வண்டியை எடுத்துவிட்டார். டீ கிளாசோடு ஓடிய செல்லக்கண்ணுவின் கையில் கடைசியில் மிஞ்சியது கிளாஸ் மட்டும்தான். கண்டக்டர் இல்லாத வண்டி மூன்று ஸ்டாப் வரைக்கும் போய், டிக்கெட் கேட்க ஆள் இல்லையே என்று ஒரு கிழவர் சொன்ன பிறகுதான் நின்றது.

"நீங்க ஊதுனீங்கண்ணே. நான் என் காதால கேட்டேன்" என்றார் பாவாடை.

"ஊதல" என்றார் சாமிதுரை. உண்மைதான். அந்த நேரத்தில் அவர் விசிலை ஒரு பழைய வேட்டிக் கிழிசலில் துடைத்துக்கொண்டிருந்தார். ஆனால் யார் நம்புவார்கள்? கடைசியில் பழி செல்லக்கண்ணு தலையில் விழுந்தது. வேலை நேரத்தில் வண்டியில் இல்லாததற்காக அவனை வண்டியிலிருந்து இறக்கி, ஆபீஸ் வாசலில் உட்கார வைத்துவிட்டார்கள். சிரித்துக்கொண்டே இருப்பவன், கொட்டகைக்கு எதிரே கைகட்டி உட்கார்ந்திருந்தான். சாமிதுரைக்கு அவன் பக்கம் திரும்ப முடியவில்லை. மனசுக்குள் ஒரு சந்தேகம் தலைகாட்டியது. அதை அவரே அதட்டி உட்கார வைத்தார். போயும் போயும் ஒரு பறவை!

நான்காம் நாள் விக்கிரமங்கலத்து அரியமுத்து குடும்பத்தோடு விருத்தாசலம் வண்டியில் ஏறினார். மகனுக்குப் பெண் பார்க்கப் போகிறார்கள். தாம்பாளம், பழம், சொந்தக்காரப் பெண்கள் பதினோரு பேர். பூ வாங்க மறந்துவிட்டோம் என்று அம்மாக்காரி சொல்ல, மாப்பிள்ளைப் பையனே இறங்கிப் பூக்கடைக்கு ஓடினான். வண்டி கிளம்ப இன்னும் ஆறு நிமிஷம் இருந்தது. அவன் மல்லிகைப் பந்தைக் கையில் வாங்கவும் விசில் கேட்கவும் சரியாக இருந்தது. கல்யாணப் பேச்சில் இருந்த பெண்கள் அவன் ஏறாததைக் கவனிக்கவே இல்லை. மாப்பிள்ளை இங்கே, தாம்பாளம் அங்கே.

பையன் பூப்பந்தோடு டைம் ஆபீசுக்கு ஓடி வந்தான். கண்ணில் தண்ணீர் நின்றது. "சார், நான் இல்லாம எப்புடி சார் பொண்ணு பாப்பாங்க?"

சாமிதுரை விசிலைப் பார்த்தார். அது மேசைமேல், நோட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. இந்தத் தடவை அவருக்குச் சந்தேகமே இல்லை. பையனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற அரியலூர் வண்டி டிரைவரிடம் போனார். அது விருத்தாசலம் வழியாகப் போகாது. ஆனால் ஊர் எல்லைவரை ஒரே ரோடு.

"இந்தப் புள்ளைய ஏத்திக்க. முன்னால போற வண்டியப் புடி. ஹாரன் அடிச்சு நிறுத்தி, இவன அதுல ஏத்திவிட்டுட்டு நீ உன் வழியில போ. இது ஒரு நல்ல காரியம்ப்பா. சீக்கிரம் போ."

டிரைவர் ஆடிப்போய்விட்டார். சாமிதுரை பேசுகிறார்! அதுவும் இவ்வளவு! காரணம்கூடக் கேட்காமல் வண்டியை எடுத்தார். ஊர் எல்லை தாண்டுவதற்குள் விருத்தாசலம் வண்டியை மடக்கி மாப்பிள்ளையை மாற்றி ஏற்றிவிட்டார்கள்.

சாமிதுரை நேராக வீட்டுக்கு நடந்தார். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று முன்வாசல் வழியாகப் போகாமல், சுற்றிக்கொண்டு பின்கதவுப் பக்கம் வந்தார். கதவுக்கு வெளியே நின்றவருக்கு உள்ளே பூமாலையின் குரல் கேட்டது.

"சாப்டியா என் ராசா? நல்லாச் சாப்புடு. இந்த மனுசன் சாப்டாரான்னு தெரியல. கேட்டா ம்முங்கறாரு. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, 'இன்னிக்கி கொழம்பு நல்லா இருக்கு பூமாலை'ன்னு சொன்னா வாயில இருக்கற முத்தா உதிந்துடும்? ம்? நீயே சொல்லு. நானும் மனுசிதான?"

சாமிதுரை கதவில் வைத்த கையை எடுத்துக்கொண்டார். உள்ளே போகவும் கூச்சமாக இருந்தது, திரும்பிப் போகவும் முடியவில்லை. அப்போது பின்னாலிருந்து, "ஏங்க, இந்நேரத்துல இங்க எதுக்கு நிக்கறீங்க?" என்று அதே குரல் கேட்டது.

திரும்பிப் பார்த்தார். தெருக்குழாயிலிருந்து இடுப்பில் குடத்தோடு பூமாலை வந்துகொண்டிருந்தாள்.

உள்ளேயிருந்து மறுபடியும், "நானும் மனுசிதான?" என்றது ஆக்கு. சொல்லிவிட்டு, மூச்சைப் பிடித்து நீளமாக ஒன்றும் குட்டையாக இரண்டும் ஊதியது.

பூமாலையின் முகம் செக்கச் சிவந்துவிட்டது. குடத்திலிருந்து தண்ணீர் தளும்பிக் காலில் கொட்டியதுகூட அவளுக்குத் தெரியவில்லை. "அது... சும்மா... கிளிகிட்ட பேசச் சொன்னாங்கன்னு..." என்று இழுத்தாள்.

சாமிதுரை அவள் இடுப்பிலிருந்து குடத்தை வாங்கிக் கீழே வைத்தார். என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் இருபத்தாறு வருஷமாகப் பூட்டிக் கிடந்த கதவு, தட்டினவுடன் திறந்துவிடுமா?

"காலையில சாப்டேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நல்லா இருந்துச்சு" என்றார்.

"என்னது?"

"கொழம்பு."

"காலையில இட்டிலிதாங்க வெச்சேன்" என்றாள் பூமாலை. சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். சிரிப்பு நிற்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சாமிதுரைக்கும் உதடு கோணியது. சிரிப்பா அழுகையா என்று பழக்கமில்லாத முகத்தில் சொல்ல முடியவில்லை.

அன்றைக்கே அவர் அரியலூரில் இருந்த பஸ் முதலாளிகள் சங்கத்துச் செயலாளர் ராசாங்கத்துக்குக் கடிதம் எழுதினார். 'வண்டிகள் முன்கூட்டியே போனதற்குக் கண்டக்டர் செல்லக்கண்ணு காரணம் இல்லை. என் வீட்டுக் கிளி காரணம். கிளிக்குக் கற்றுக்கொடுத்தது நான்.'

ராசாங்கம் அறுபது வயதுக்காரர், கண்டிப்பானவர். இரண்டு நாள் கழித்து அரியலூர் வண்டியில் வந்து இறங்கினார். அதே வண்டி அரை மணி நேரத்தில் திரும்பும் என்பதால், ஜன்னலோரச் சீட்டில் துண்டைப் போட்டு இடம் பிடித்து, பையையும் வைத்துவிட்டுத்தான் இறங்கினார்.

"ஏம்ப்பா சாமிதுரை, உனக்கு வேற காரணம் கெடைக்கலியா? கிளி விசில் ஊதுச்சாம், வண்டி போச்சாம். இத நான் மொதலாளிங்க மத்தியில படிச்சா என்னக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பிடுவாங்க."

"ஐயா வூட்டுக்கு வாங்க. காட்டறேன்."

வந்தார். பூமாலை மோர் கொடுத்தாள். ஆக்கு செயலாளரை ஒரு கண்ணால் பார்த்தது, மறு கண்ணால் பார்த்தது. வாயே திறக்கவில்லை. சாமிதுரை விசிலைக் காட்டினார். அது ஒரு காலைத் தூக்கித் தலையைச் சொறிந்துகொண்டது. பூமாலை பச்சைமிளகாய் கொடுத்துக் கெஞ்சினாள். மிளகாயைத் தின்றுவிட்டுக் கண்ணை மூடியது.

வேறு வழியில்லாமல் சாமிதுரை பேச ஆரம்பித்தார். கானோவில் தொடங்கினார். பென்சிலை, புகையை, கால்சட்டை மேல் ஏறியதை, இறகு பிடுங்கியதை, கம்பவுண்டர் மாமியார் வீட்டு எருமையை, ஒன்றையும் விடவில்லை. "பேசத் தெரியாம விசில் ஊதுனேங்கய்யா. அது சந்தோசப்பட்டுச்சு. எனக்கும் சந்தோசமா இருந்துச்சு. தப்பு என்னுது. செல்லக்கண்ணுவ வண்டியில ஏத்திடுங்க. என்னைய வேணா வேலையவிட்டு அனுப்பிடுங்க. கிளிய மட்டும் ஒண்ணும் செஞ்சிடாதீங்க."

பூமாலை அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றாள்.

ராசாங்கம் மோர் டம்ளரைக் கீழே வைத்தார். "நல்லாத்தான் கதை சொல்ற. நம்பறதுக்குத்தான் ஆள் வேணும்" என்று எழுந்து, செருப்பைத் தேடினார். அவர் ஒரு காலில் செருப்பை மாட்டவும் ஆக்கு கண்ணைத் திறக்கவும் சரியாக இருந்தது. நீளமாக ஒன்று. குட்டையாக இரண்டு. ஓட்டுக்கூரை அதிர்ந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் இஞ்சின் உறுமியது.

"என் துண்டு!" என்றார் ராசாங்கம். ஒற்றைச் செருப்போடு ஜன்னலுக்கு ஓடினார். அரியலூர் வண்டி அவருடைய துண்டையும் பையையும் ஏற்றிக்கொண்டு முனை திரும்பி மறைந்தது.

பிறகு ராசாங்கத்தின் தொப்பை குலுங்கியது. தோள் குலுங்கியது. "அடப்பாவி! அடப்பாவி!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்து, நாற்காலியில் விழுந்தார். அடுத்த வண்டி ஒன்றரை மணிக்குத்தான். பூமாலை இலை போட்டாள். கத்தரிக்காய் காரக்குழம்பை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டே அவர் தீர்ப்புச் சொன்னார்.

"செல்லக்கண்ணு நாளைக்கே வண்டியில ஏறட்டும். நீயும் இரு. ஆனா இனிமே இந்த ஸ்டாண்டுல விசிலு கெடையாது. ஒவ்வொரு வண்டிக்கும் நீ நடந்துபோயி, டிரைவர் மூஞ்சியப் பாத்து, வாயத் தொறந்து சொல்லணும். சொல்லுவியா?"

"சொல்றேங்கய்யா."

முதல் நாள் குரல் எழும்பவே இல்லை. "எடு" என்பது தவளைச் சத்தம் மாதிரி வந்தது. டிரைவர்கள் வேண்டுமென்றே, "என்னண்ணே, காதுல விழல" என்றார்கள். ஒரு வாரத்தில் "கும்பகோணம் வண்டி எடுப்பா" என்று வந்தது. ஒரு மாதத்தில் "பாவாடை, மக காய்ச்சல் எப்புடி இருக்கு? சரி சரி, எடு" என்று ஆகிவிட்டது. ஆனி மாதம் அரியமுத்து மகன் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தான். மாப்பிள்ளை தொலைந்துபோன கதையைக் கேட்டுப் பெண் விழுந்து விழுந்து சிரித்ததாகவும், அந்தச் சிரிப்பிலேயே சம்பந்தம் முடிந்துவிட்டதாகவும் சொன்னான். சாமிதுரை அவனை உட்கார வைத்து முக்கால் மணி நேரம் பேசினார். அதற்குள் ஒரு வண்டி நான்கு நிமிஷம் தாமதமாகக் கிளம்பியது. பத்தொன்பது வருஷத்தில் அது முதல் தடவை.

வீட்டில் பூமாலைக்கு இப்போது வேறு சங்கடம். ராத்திரி சோற்றில் கை வைத்ததும் ஆரம்பித்தால், எந்த வண்டியில் எந்த டயர் பஞ்சர் என்பதுவரை அவர் சொல்லி முடிக்கும்போது குழம்பு ஆறிப்போயிருக்கும். "போதுங்க, சாப்புடுங்க" என்று அவள் சொல்கிற காலமும் வந்தது. ஆக்கு இரண்டு பேர் குரலிலும் பேசிப் பழகியது. அவர்கள் இருவரும் வெளியே போயிருந்தால், உள்ளே ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வழக்காடுவது தெருவுக்குக் கேட்கும்.

1986 தை மாதம் பாலசுந்தரம் திரும்பி வந்தான். சேலத்தில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்திருந்தது. கிளியைக் கூட்டிப்போகப் புதுக் கூண்டு ஒன்றும் வாங்கி வந்திருந்தான். அந்தக் கூண்டைப் பார்த்ததும் சாமிதுரை பழைய கூண்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். வேட்டியைச் சரி செய்துகொண்டார்.

ஆக்கு வாசலைப் பார்த்தது. கழுத்தை நீட்டியது. இரண்டு வருஷமாக அந்த வீட்டில் யாரும் கேட்டிராத ஒரு வார்த்தையைச் சொன்னது. "சன்னு." கானோ பக்கத்தில் அதற்கு வணக்கம் என்று அர்த்தமாம். பாலசுந்தரத்தின் கண் நிறைந்துவிட்டது. கை நீட்டினான். அது ஏறி அவன் தோளில் உட்கார்ந்து காதைக் கோதியது. அன்று முழுக்க அவனிடமேதான் இருந்தது.

ஆனால் பொழுது சாய்ந்ததும், துணி போட்டு மூடும் நேரம் வந்ததும், தோளிலிருந்து இறங்கித் தரையில் நடந்து போய் சாமிதுரையின் கால் பக்கத்தில் நின்றது. அவர் குனிந்து புறங்கையை நீட்டினார். ஏறிக்கொண்டது. அவர் அதைக் கூண்டுக்குள் விட்டு, "தூங்கு. நாளைக்கி காலையில நாலு வண்டி இருக்கு, வெரசா எந்திரிக்கணும்" என்றார். கூண்டுக்குள்ளிருந்து அவருடைய குரலிலேயே "சரி" என்று பதில் வந்தது. பாலசுந்தரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

மூன்று நாள் தங்கினான். நான்காம் நாள் காலை பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். புதுக் கூண்டு மூலையிலேயே இருந்தது. பஸ் ஸ்டாண்டில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் அவனே பேச்செடுத்தான்.

"மாமா, வருசத்துக்கு ஒரு தரம் வந்து பாத்துட்டுப் போறேன்."

"தாராளமா வா" என்றார் சாமிதுரை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "ஆனா இப்படிக் குளுருல வராத. சித்திரையில வா. காட்டுலேர்ந்து முந்திரிப்பழம் வரும். கொட்டையத் திருகிப் போட்டுட்டு, பழத்த மட்டும் உங்கக்கா குடுப்பா. சாறு ஒழுக ஒழுகத் தின்னுட்டு, மூஞ்சியெல்லாம் மஞ்சளாக்கிக்கிட்டு, கல்யாணப் பொண்ணு மாதிரி அது உக்காந்திருக்கும் பாரு. அத நீ பாக்கணும்டா."

டிரைவர் திரும்பி, "அண்ணே, எடுக்கட்டுமா?" என்றார்.

"இருப்பா, பேசிக்கிட்டு இருக்கேன்ல" என்றார் சாமிதுரை.